கடைசி வரியில் ஒரு ‘இங்’

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜாப் டைப்பிங் கடை வைத்து எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் ரெமிங்டன் டைப்ரைட்டர். தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வேலை விண்ணப்பத்தோடு வருகிறார்கள். போனிலேயே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “அக்கா, அலைன்மென்ட் மட்டும் பாத்து பிரின்ட் குட்த்துடுக்கா” என்பார்கள். நான் அலைன்மென்ட்டை அப்புறம் பார்க்கலாம் என்று நேராகக் கடைசி வரிக்குப் போவேன். ஏனென்றால் தப்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.’

உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்று இங்கிலீஷில் சொல்ல நினைத்து எழுதுகிற வரி. இது தப்பு. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்பதே சரி. ஹியர் இல்லை, ஹியரிங். ஒரே ஒரு ‘இங்’தான் வித்தியாசம். ஆனால் அந்த வரிக்குக் கீழே பெயரும் கையெழுத்தும்தான் இருக்கின்றன. படிக்கிறவர் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் கடைசியாகப் படிக்கிற வாக்கியம் அது. டிப்ளமா முடித்து, வெல்டிங் கற்று, ஆறு மாதம் சம்பளமில்லாமல் பயிற்சி எடுத்த பையனின் கடிதத்தில் அந்த இடத்தில் ஒரு பிழை நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்தத் தப்பை நானும் வருஷக்கணக்கில் செய்தவள். 1991இல் இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, தம்புச் செட்டித் தெருவில், துறைமுகத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தருகிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ஒரிஜினல் ரசீதான பில் ஆஃப் லேடிங் வந்தால்தான் கப்பல் கம்பெனியில் டெலிவரி ஆர்டர் வாங்க முடியும். அது வருகிறவரைக்கும் துறைமுகத்தில் சரக்குக்கு டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் வெளியூர் பார்ட்டிகளுக்கு நாள் தவறாமல் கடிதம் போகும். எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ரிசீவ் த ஒரிஜினல் டாகுமெண்ட்ஸ்’ என்று அடிப்பேன். பெரம்பூரிலிருந்து வரும் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி ஒருவர் அங்கே சீனியர் செகரட்டரி. ‘ரிசீவ்’ என்ற சொல்லை பென்சிலால் சுழித்து, பக்கத்தில் ‘ரிசீவிங்’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். முழுப் பக்கத்தையும் கார்பன் வைத்து மறுபடி அடிக்க வேண்டும். ஏன் மிஸ் என்று கேட்டால், “அப்படிச் சொன்னால் காதுக்குச் சரியாக இல்லை, அவ்வளவுதான்” என்பார். அவருக்கு அது தாய்மொழி. விதி தெரிய வேண்டிய அவசியமே அவருக்கு இருந்ததில்லை. நான் காரணம் தெரியாமலேயே ‘இங்’ போடப் பழகிக்கொண்டேன்.

காரணம் கிடைத்தது பல வருஷம் கழித்து, என் மகளுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தபோது. வேற்றுமை உருபு வரிசையை அவள் சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்: ஐ, ஆல், கு, இன், அது, கண். ‘கு’ என்ற இடத்தில் எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

இங்கிலீஷில் ‘டு’ என்று எழுதுவது ஒரே சொல்போலத் தெரிந்தாலும், அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. ‘ஐ வான்ட் டு கோ’ என்பதில் வரும் ‘டு’ வினையோடு ஒட்டிக்கொண்டு வருவது. தமிழில் ‘போக’ என்கிறோமே, அந்த எச்சத்தின் வேலை. ‘ஐ கேவ் இட் டு மை மதர்’ என்பதில் வரும் ‘டு’ வேறு. அது அம்மாவுக்கு என்பதில் இருக்கிற ‘கு’. முதல் ‘டு’வுக்குப் பின்னால் வெறும் வினை வரும். இரண்டாவது ‘டு’வுக்குப் பின்னால் பெயர்தான் வரவேண்டும்.

தமிழிலும் அப்படித்தானே? ‘கு’வை வினை மேல் நேரடியாக ஏற்றிப் பாருங்கள். ‘கேளுக்கு’, ‘போவுக்கு’ என்று நம் வீட்டுக் குழந்தைகூடப் பேசாது. கேட்பது, போவது என்று பெயராக்கிக்கொண்ட பிறகுதான் உருபு ஏறும்: கேட்பதற்கு, போவதற்கு. இங்கிலீஷ்காரர்கள் வினையைப் பெயராக்க ‘இங்’ சேர்க்கிறார்கள். ஹியர் என்பது கேள். ஹியரிங் என்பது கேட்டல். நாம் தொழிற்பெயர் என்கிறோம், அவர்கள் ஜெரண்ட் என்கிறார்கள்.

இப்போது ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’வைப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால், முன்னால் பார்க்கிறேன், எதன் பக்கமாக என்பதற்கு ‘டு’. விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுக்கக் கூடையோடு நிற்கிற பெண்கள் படகு வருகிற பக்கத்துக்கே முகத்தைத் திருப்பி நிற்பார்கள். அந்தத் திசை காட்டுகிற ‘கு’தான் இந்த ‘டு’. அது காட்டுகிற இடத்தில் ஒரு பொருளோ, ஆளோ, நாளோ, பெயராக்கிய வினையோ இருக்க வேண்டும். வெறும் வினை அங்கே நிற்காது.

இதைப் பரிசோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ‘டு’வுக்குப் பின்னால் இருப்பதை எடுத்துவிட்டு ‘யுவர் ரிப்ளை’ என்று போடுங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை.’ நன்றாக நிற்கிறது. அப்படியானால் அங்கே வினையைப் போடும்போது ‘இங்’ சேர்த்துத்தான் போட வேண்டும். அதே சோதனையை ‘ஐ வான்ட் டு’ மேல் போடுங்கள். ‘ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை’ என்று ஒரு வாக்கியம் கிடையாது. அங்கே வெறும் வினைதான்.

கம், கோ போன்ற போக்குவரத்து வினைகளிடம் மட்டும் இந்தச் சோதனையைக் கொண்டுபோகாதீர்கள், ஏமாற்றிவிடும். ‘ஐ கேம் டு யுவர் ஆபீஸ்’ என்பதும் சரி, ‘ஐ கேம் டு மீட் யூ’ என்பதும் சரி. முதலில் இருப்பது இடத்துக்கு வரும் ‘கு’. இரண்டாவது ‘சந்திக்க’ என்கிற எச்சம். கடிதத்தின் கடைசி வரியில் இவை வருவது அபூர்வம் என்பதால் பெரிய தொந்தரவு இல்லை.

நம் பிள்ளைகளைக் குழப்புவது ‘ஹோப்’ என்ற சொல்தான். ‘ஐ ஹோப் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்பது முழுக்கச் சரியான வாக்கியம். அங்கே ‘ஹியரிங்’ போட்டால்தான் தப்பு. ‘ஹோப் டு யுவர் ரிப்ளை’ என்று சொல்லிப் பாருங்கள், நிற்காது. ஆக, ஹோப் என்றால் ஹியர். லுக் ஃபார்வர்ட் என்றால் ஹியரிங். ஒன்றைப் படித்த ஞாபகத்தில் இன்னொன்றை எழுதிவிடுகிறார்கள். போன மாதம் ஒரு பையன் கேட்டான், “இன்னாக்கா, டு வந்தா அதுக்கப்பறம் வெர்ப்ப அப்டியே போடணும்னுதான ஸ்கூல்ல சொல்லிக் குட்த்தாங்க?” சொல்லிக்கொடுத்தது பாதிதான் என்பதுதான் பிரச்சினை. மீதிப் பாதி இந்த ‘கு’.

இதே ‘கு’ வேறு சில தொடர்களிலும் ஒளிந்திருக்கிறது. விண்ணப்பங்களில் அடிக்கடி வருவதைச் சொல்கிறேன். ‘ஐ ஆம் கமிட்டட் டு லேர்னிங்.’ ‘ஐ ஹேவ் நோ அப்ஜெக்‌ஷன் டு ஒர்க்கிங் ஆன் சண்டேஸ்.’ ‘இன் அடிஷன் டு ஹேண்ட்லிங் டாகுமெண்ட்ஸ்.’ எல்லாவற்றிலும் ‘இங்’. ஆனால் ‘ரெடி டு ஜாயின்’, ‘வில்லிங் டு ஒர்க்’, ‘இன் ஆர்டர் டு இம்ப்ரூவ்’ இவற்றில் வெறும் வினை.

‘யூஸ்ட் டு’ என்பதற்குத் தனியாகக் கொஞ்சம் நிற்க வேண்டும். அங்கே ‘இங்’ மாறினால் அர்த்தமே தலைகீழாகிவிடுகிறது. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவு சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பித்த தம்பி ஒருவன், ‘ஐ யூஸ்ட் டு ஒர்க் நைட் ஷிஃப்ட்ஸ்’ என்று எழுதியிருந்தான்.

“நைட் ஷிஃப்ட்ட வுட்டுட்டியாப்பா?” என்றேன்.

“இல்லக்கா, எனக்கு அது பழக்கம்னுதான் எழுதிகீறேன்.”

அவன் எழுதியதற்கு ‘முன்பு இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்றுதான் பொருள். இப்போது பார்ப்பதில்லை என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். இரவு வேலைக்கு ஆள் தேடுகிறவரிடம் இதைப் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? அவன் சொல்ல நினைத்தது ‘ஐ ஆம் யூஸ்ட் டு ஒர்க்கிங் நைட் ஷிஃப்ட்ஸ்’. முன்னால் ‘ஆம்’, பின்னால் ‘இங்’. இரவு வேலைக்கு நான் பழகியவன் என்று அர்த்தம். இந்த ‘டு’வும் நம் ‘கு’தான், ‘வேலைக்குப் பழகியவன்’ என்கிறோம் பாருங்கள். திருத்தி இரண்டு பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பக் கடைசி வரிக்கு வருகிறேன். அதில் இன்னும் சில தப்புகள் வரும். ‘லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். ‘வெயிட்டிங் ஃபார்’ என்பதிலிருந்து இந்த ‘ஃபார்’ தாவி வந்துவிடுகிறது. வெயிட்டிங் என்றால் ஃபார், லுக்கிங் ஃபார்வர்ட் என்றால் டு. ‘அவெய்ட்டிங்’ என்று எழுதினால் இரண்டுமே வேண்டாம்; ‘அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை’ என்றாலே போதும். ‘எதிர்பார்க்கிறேன்’ என்பதை அப்படியே மாற்றி ‘ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். தமிழில் அது பணிவான சொல். இங்கிலீஷில் ‘நீங்கள் பதில் போட்டாக வேண்டும்’ என்ற அதிகாரத் தொனி வந்துவிடும். வேலை கேட்டுப் போகிறவர் அப்படிப் பேசலாமா?

‘ஐ ஆம் லுக் ஃபார்வர்ட்’, ‘ஐ லுக்கிங் ஃபார்வர்ட்’ இரண்டும் தப்பு. ‘ஐ’ போட்டு எழுதினால், ஆம் வந்தால் லுக்கிங், ஆம் இல்லாவிட்டால் லுக். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு’ என்பது கொஞ்சம் விறைப்பானது. வங்கி, அரசு அலுவலகம், முன்பின் தெரியாத கம்பெனி என்றால் அதுதான் நல்லது. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்பதில் சிநேகம் கூடுதல். ஏற்கெனவே போனில் பேசிய எச்.ஆருக்கு எழுதலாம். கம்பெனி சார்பில் எழுதினால் ‘ஐ’ போய் ‘வீ’ வரும். மற்றபடி விதி ஒன்றுதான்.

‘ஹியரிங்’ எழுதும்போது எழுத்துகளைக் கவனியுங்கள். எச், இ, ஏ, ஆர். இங்கே என்று பொருள்படும் சொல்லையும் ஹியர் என்றே உச்சரிப்பதால், கடைசியில் இ வரும் அந்தச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். கேட்கிற ஹியருக்குள் காது இருக்கிறது. அதன் முதல் எழுத்தை மறைத்துப் பாருங்கள், மிச்சம் காதைக் குறிக்கிற இங்கிலீஷ் சொல்தான். ‘ஃப்ரம்’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். ‘ஹியரிங் ஃப்ரம் யூ’ என்றால் உங்களிடமிருந்து தகவல் வருவது, கடிதமாகவோ மெயிலாகவோ போனாகவோ. ‘ஹியரிங் யூ’ என்றால் உங்கள் குரலைக் கேட்பது. பாட்டுக் கச்சேரிக்குப் போகிறவர் எழுத வேண்டியது அது. ‘ஹியரிங் யுவர் ரிப்ளை’ என்பதும் அதே மாதிரி ஒட்டாது. பதில் என்றால் ‘ரிசீவிங் யுவர் ரிப்ளை’, அல்லது வெறும் ‘யுவர் ரிப்ளை’.

‘பாசிட்டிவ் ரிப்ளை’ என்று எழுதாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். இலக்கணத்தில் தப்பில்லை. ஆனால் எனக்குச் சாதகமாகத்தான் பதில் வேண்டும் என்று முன்கூட்டியே கையைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கிறது. ‘யுவர் ரிப்ளை’ என்பதிலேயே மரியாதை இருக்கிறது. அவசரம் இருந்தால் ‘சூன்’ சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தத் தொடரை எங்கே போடக்கூடாது என்பதும் தெரிய வேண்டும். தமிழில் மழையை எதிர்பார்க்கலாம், கெட்ட செய்தியைக்கூட எதிர்பார்க்கலாம். ‘லுக்கிங் ஃபார்வர்ட்’ அப்படியில்லை. அதில் ஆவல் இருக்கிறது, மகிழ்ச்சி இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால், அப்பாவை இழந்த ஒரு பிள்ளை இன்சூரன்சுக்குக் கடிதம் அடிக்க வந்தான். “நைனா போயி ரெண்டு மாசம் ஆவுது” என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. எங்கோ பார்த்த மாதிரிக் கடிதத்தை வைத்து எழுதியிருந்தான். கடைசி வரி: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ரிசீவிங் மை ஃபாதர்ஸ் டெத் கிளைம்.’ டு சரி, இங் சரி, எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அப்பாவின் சாவுப் பணத்துக்காக ஆவலோடு காத்திருக்கிறேன் என்று அந்த வரி சொல்கிறது. அவன் மனசில் அப்படி எதுவும் இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு செட்டில் த கிளைம், அண்ட் டு லெட் மீ நோ இஃப் எனி அதர் டாகுமெண்ட்ஸ் ஆர் நீடட்’ என்று போட்டேன். படித்துக் காட்டியபோது தலையை மட்டும் ஆட்டினான்.

புகார்க் கடிதத்தில் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று முடிக்கலாமா என்று கேட்பார்கள். முடிக்கலாம். ‘ஹியரிங் ஃப்ரம் யூ’ என்ற அளவில் அது ஒரு மரியாதை வாசகமாக நிலைத்துவிட்டது. துக்கமான விஷயத்தையே ‘டு’வுக்குப் பின்னால் வைப்பதுதான் கூடாது. இரங்கல் கடிதத்தில் எந்த வடிவத்திலும் வேண்டாம்.

வரியின் முடிவில் காற்புள்ளியா முற்றுப்புள்ளியா என்ற குழப்பத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. ராயபுரம் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் நான் படித்தபோது லெட்டர் அடிக்கச் சொல்லிக்கொடுத்த மாதிரிகளில், ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று ஒரே வாக்கியமாக ஓடும். ‘உங்கள் பதிலை நோக்கியபடி, உங்கள் உண்மையுள்ளவனாக இருக்கிறேன்’ என்பது அதன் முழு வடிவம். நடுவில் இருந்த ‘ஐ ரிமெய்ன்’ காலப்போக்கில் விழுந்துவிட்டது. காற்புள்ளி மட்டும் பழக்கத்தில் தங்கிவிட்டது. ‘தேங்க்கிங் யூ’ என்பதற்குப் பின்னால் நாம் போடுகிற காற்புள்ளியும் அதே வம்சம்தான். இப்போது மெயில் எழுதுகிறவர்கள் ‘ஐ லுக் ஃபார்வர்ட்’ என்று முழு வாக்கியமாக எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள், சந்தேகமே வராது. அதற்குக் கீழே, ‘டியர் சார்’ என்று தொடங்கியிருந்தால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. பெயர் சொல்லித் தொடங்கியிருந்தால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. ‘யுவர்ஸ்’ என்பதில் எஸ்ஸுக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி என்கிற ஒற்றை மேல்குறி போடக்கூடாது. எங்கள் பக்கத்துக் கடைகளில் அடிக்கிற கடிதங்களில் அந்தக் குறியை நான் பார்க்காத வாரம் இல்லை.

ராத்திரி பதினோரு மணிக்கு மெயில் அனுப்ப வேண்டும், கடை மூடியாகிவிட்டது, ஹியரா ஹியரிங்கா என்று மறுபடியும் குழப்பம் வந்துவிட்டது என்றால், வினையே இல்லாமல் எழுதிவிடுங்கள்: ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை.’ அனுப்பிவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் பிரின்ட் வேண்டுமென்றால் காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், அலைன்மென்ட்டும் சேர்த்துப் பார்த்துத் தருகிறேன்.